நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நடுவில் எதற்குத் தேர்வு?



இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாகக் கவிதை பற்றியோ தன்வரலாறு பற்றியோ பேசுவோம். இந்த ஆண்டு தேர்வைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம்முடைய தன்வரலாறுகளில் எதைப் புரட்டினாலும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல் கிடக்கும். ஆகவே இது இலக்கியத்துக்கு வெளியே உள்ள சங்கதி என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி இதுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளை பத்தாம் வகுப்பில் ஒரு அரசுத் தேர்வு, பன்னிரண்டில் ஒன்று என்று எதற்காக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்? நடுவில் இருப்பதைத் தாண்டிப் போக விட்டால் அந்த நேரத்தில் நீட்டுக்கோ ஜேஇஇக்கோ தயாராகலாமே? பயிற்சி மையங்களின் துண்டறிக்கைகள் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. நம் சேரியிலிருந்து படித்து வேலைக்குப் போய், பிள்ளையை நகரத்துப் பள்ளியில் சேர்த்திருக்கும் தோழர்களும் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி இந்த உரையைத் தொடங்க நாம் விரும்பவில்லை. தலைமுறையில் முதல் முறையாக ஒரு பிள்ளை மேலே வரும்போது அதை இன்னும் வேகமாக ஏற்றிவிடத்தான் எந்தத் தாய் தகப்பனுக்கும் தோன்றும்.

இது நடக்காத கற்பனையும் இல்லை. 2009இல் கபில் சிபல் மத்திய மனிதவள அமைச்சராக இருந்தபோது, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விருப்பத்துக்கு உரியதாக ஆக்கப்பட்டது. பன்னிரண்டு வரை உள்ள பள்ளியில் படித்து, அதே வாரியத்தில் தொடரப் போகிறவர்கள் பள்ளி நடத்தும் தேர்வை எழுதினால் போதும். பத்தோடு முடியும் பள்ளிகளில் படித்தவர்களும், வாரியத்தை விட்டு வெளியே போகிறவர்களும் பொதுத்தேர்வுதான் எழுத வேண்டும். 2018இல் மறுபடியும் எல்லோருக்கும் கட்டாயம் என்றாகிவிட்டது. அந்தப் பிரிவினையைக் கொஞ்சம் பாருங்கள். பெரிய பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத் தேர்வு வேண்டாம். சின்னப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டும். நல்ல நோக்கத்தில்தான் செய்தார்கள், மன அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் யார் நம்பத்தகுந்தவர், யார் நிரூபிக்க வேண்டியவர் என்ற கோடு எங்கே விழுந்தது என்பதை ஒரு சமூகவியல் மாணவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

நமக்குப் பத்தாம் வகுப்பு என்பது என்ன? 1907இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து பீமராவ் என்ற மாணவர் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்காக ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. எஸ்.கே. போலே தலைமை தாங்கினார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த இளைஞர் கையில் கொடுத்தார். ஒரு நடுக்கட்டத் தேர்வில் தேறியதற்கு ஊர் கூடி விழா எடுத்த நாள் அது. பிறகு கொலம்பியா, லண்டன் எல்லாம் வந்தன. அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. இன்றும் அதை போஸ்ட் மெட்ரிக் என்றுதான் அழைக்கிறோம். பத்தாம் வகுப்பைக் கடந்தவர் என்ற அடையாளம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு வருவோம். கிராம அஞ்சல் ஊழியர் பணிக்குத் தனித் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. குரூப் 4க்கு அடிப்படைத் தகுதி எஸ்எஸ்எல்சி. வளைகுடாவுக்குக் கிளம்பும் தொழிலாளி பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் அவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழாது, தேறாதவருக்கு விழும். பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் சாட்சி. மருத்துவராகப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பதினைந்து வயதில் மருத்துவர் ஆகப்போகிறவர் யார், அப்பா விழுந்து கால் ஒடிந்ததும் பாதியில் நின்று வேலைக்குப் போகப்போகிறவர் யார் என்று யாருக்குத் தெரியும்? வசதியுள்ள வீட்டில் பிள்ளை தடுக்கினால் தாங்க ஆள் உண்டு. நம் வீட்டில் அந்த ஒரு தாள்தான் தாங்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இன்றைய உரையின் நெஞ்சுப் பகுதி அதுதான்.

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது. ஊர் தெரியாது, தெரு தெரியாது. தாள் வேறு பள்ளியின் ஆசிரியர் கைக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று அங்கே மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்கிறது: முகம் தெரியாமல் இருக்கும் உரிமை. நடுத்தேர்வு வேண்டாம், பள்ளியே மதிப்பெண் போடட்டும் என்று சொல்கிறவர்கள் இந்த உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

இது வெறும் அச்சமா? டெல்லி எய்ம்ஸில் நடந்த பாகுபாடுகளை விசாரித்து சுக்தேவ் தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்று பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியிலேயே முகம் பார்த்து மதிப்பெண் விழுந்தால், கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிற பள்ளியில் என்ன நடக்கும்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளை ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பிள்ளை 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தான். அந்தத் தாளைத் திருத்தியவருக்கு அது யாருடைய கை என்று தெரியாது. அதனால் அந்த 469ஐப் பற்றி யாரும் எதுவும் பேச முடியவில்லை.

கொரோனா காலம் நமக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்வரும் பிள்ளையின் வருகைப் பதிவேடு எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வும் ரத்தானது. அப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 எடுத்தார்கள். சிபிஎஸ்இயும் 30 விழுக்காட்டைப் பத்தாம் வகுப்பிலிருந்துதான் எடுத்தது. கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தேவையில்லை என்று சொல்லப்படும் அதே நடுத்தேர்வுகள்தான் அந்த ஆண்டு கல்லூரிக் கதவைத் திறந்தன. அவற்றைத் தாண்டிப் போகும் சலுகை முன்பே இருந்திருந்தால், அன்றைக்குப் பள்ளி போட்ட மதிப்பெண்ணைத் தவிர கையில் ஒன்றும் இருந்திருக்காது.

இவ்வளவும் சொன்னதால் தேர்வை நாம் கும்பிடுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது நம் தோழர்கள் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பது ஆடு மேய்க்க அனுப்புவதற்கான ஏற்பாடு. அதை அன்றும் எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். அரியலூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். அந்த மதிப்பெண்ணை ஒரு நுழைவுத்தேர்வு செல்லாக்காசாக்கியது. 2017 செப்டம்பர் 1ஆம் தேதியை நாம் மறக்கவில்லை. பொதுத்தேர்வு மதிப்பெண்ணின் மதிப்பை மேலிருந்து நுழைவுத்தேர்வு அறுக்கிறது. கீழிருந்து நாமே அறுக்கக் கூடாது என்பதுதான் இங்கே வாதம்.

பிளஸ் ஒன் விவகாரம் இன்னும் சிக்கலானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருவேற்றிய தனியார் விடுதிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18இல் அந்தப் பொதுத்தேர்வு வந்தது. நாமும் வரவேற்றோம். 2018 செப்டம்பரில் உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்தபோதே பாதி உயிர் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வே நின்றது. மூன்று ஆண்டும் தேர்வுப் பயத்தில் கிடந்த பிள்ளைகளுக்கு இது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீட்டில் பாதிக் கேள்வி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருவது பயிற்சி மையத்துக்குத் தெரியும், பணம் கட்டியவர் பிள்ளைக்கும் தெரியும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், இனி பதினொன்றாம் வகுப்பில் பாடம் நடந்ததா என்று கேட்க யாரும் இல்லை. தேர்வு இருந்தவரை தேர்ச்சி விழுக்காடு குறையுமே என்ற பயத்திலாவது ஒரு ஆசிரியரைத் தேடினார்கள். தேர்வை எடுத்தவர்கள் அந்தப் பயத்துக்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வெளியேறிவிட்டால் மிஞ்சும் தேர்வு என்னாகும் என்பதையும் யோசியுங்கள். அது 'முடியாதவர்கள்' எழுதும் தேர்வு ஆகிவிடும். வினாத்தாள் தப்பாக வந்தால் கேட்க ஆள் இருக்காது. குரல் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் போனபின் அரசுப் பள்ளிக்கு நேர்ந்தது அதுதானே. அதனால் இங்கே இருக்கும் முதல் மதிப்பெண் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: அந்தத் தேர்வறையில் நீங்களும் உட்காருங்கள், பக்கத்து பெஞ்சுக்காக.

கடைசியாக ஒரு வேலை. பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளிகளில் பெயர்ப்பட்டியல் தயாராகும். பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் எல்லாவற்றையும் நம் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சரிபாருங்கள். பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும். முடிவு வந்த அன்றே தவறியவர்கள் வீட்டுக்குப் போங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான்; அதற்குள் திருப்பூர் பஸ் ஏறிவிடுவார்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களின் பட்டியலை வாயிலில் அமர்ந்திருக்கும் தோழர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.