கூட்டுக் கருத்தடை மாத்திரை: முறையான பயன்பாடும் பாதுகாப்பும்

(பெண்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கருத்தடை மாத்திரை தமிழ்ப் பெண்களுக்குப் புதிய பொருளன்று. இலங்கையில் வாழ்ந்தவர்கள் ‘மிதுரி’ என்ற பெயரையும், தமிழகத்தில் வாழ்ந்தவர்கள் ‘மாலா-டி’ என்ற பெயரையும் நன்கு அறிவர். இங்கிலாந்தில் வழங்கப்படும் ‘மைக்ரோகைனன் 30’, ‘ரிஜெவிடன்’ முதலியனவும் அதே வகையைச் சேர்ந்தவையே. ஈஸ்திரோஜன், புரோஜெஸ்டோஜன் என்னும் இரு ஓமோன்கள் சேர்ந்திருப்பதால் இவை கூட்டு மாத்திரைகள் எனப்படுகின்றன. சூலகத்திலிருந்து மாதந்தோறும் முட்டை வெளியேறுவதை இவை நிறுத்துகின்றன. கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிப்பாக்கி, விந்தணு உட்செல்வதைத் தடுக்கின்றன. கருப்பையின் உட்படலத்தையும் மெலிதாக்குகின்றன.

முறை தவறாது எடுப்பவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரே ஓராண்டில் கருத்தரிக்கின்றனர். ஆயினும் நடைமுறை வாழ்வில், மறதியும் வேலைப் பளுவும் சேரும்போது, அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 9 அளவில் உயர்கிறது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு பெரும்பாலும் மாத்திரையை எடுக்கும் முறையால் விளைவது. ஆகவே அம்முறையைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால், பொதுவாக அன்றே பாதுகாப்புக் கிடைக்கும். அதன் பின்னர் தொடங்குபவர்கள் முதல் 7 நாட்களுக்கு ஆணுறையையும் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுப்பது நன்று. இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்பவர்கள், உறக்க நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் கைப்பேசியின் மணியை நம்புவதே உகந்தது.

ஊரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. ‘மாலா-டி’ அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன: 21 ஓமோன் மாத்திரைகள், 7 இரும்புச் சத்து மாத்திரைகள். அவற்றை இடைவெளியின்றி எடுத்து வந்தால் போதும். இங்கு வழங்கப்படும் பல அட்டைகளில் 21 மாத்திரைகளே உள்ளன. அவை முடிந்ததும் 7 நாட்கள் மாத்திரையின்றி இருந்து, எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். அந்த ஏழு நாட்களில் இரத்தப்போக்கு ஏற்படும். அது நிற்கவில்லை என்று கருதிப் புதிய அட்டையைத் தள்ளிப்போடுதல் ஆபத்தானது. இடைவெளி நீண்டால் சூலகம் மீண்டும் விழித்துக்கொள்ளும். இரத்தப்போக்கு தொடர்ந்தாலும், எட்டாம் நாள் மாத்திரை எட்டாம் நாளே எடுக்கப்பட வேண்டும்.

மாத்திரை தவறிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. எத்தனை தவறின என்று எண்ண வேண்டும். ஒன்று மட்டும் தவறியிருந்தால், நினைவு வந்தவுடன் அதை எடுக்கலாம். அதனால் ஒரே நாளில் இரண்டு எடுக்க நேரினும் தீங்கில்லை. எஞ்சியவற்றை வழமை போல் தொடரலாம், பாதுகாப்புக் குறையாது. இரண்டு அல்லது அதற்கு மேல் தவறியிருந்தால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் எடுத்து, முந்தியவற்றை விட்டுவிட வேண்டும். அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை அவசியம். அட்டையில் ஏழுக்கும் குறைவான ஓமோன் மாத்திரைகளே எஞ்சியிருந்தால், இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். அட்டையின் முதல் வாரத்தில் இரண்டு அல்லது மேற்பட்டவை தவறி, முந்திய 7 நாட்களில் பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்திருந்தால், அவசரக் கருத்தடை தேவைப்படலாம். ஒரு வகை மாத்திரையை 3 நாட்களுக்குள்ளும் மற்றொன்றை 5 நாட்களுக்குள்ளும் எடுக்க வேண்டும். விரைந்து எடுப்பதே நன்று. ஆகவே அன்றே மருந்தகத்தை நாட வேண்டும்.

மாத்திரை எடுத்து 3 மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால், உடனே இன்னொன்றை எடுக்க வேண்டும். கடுமையான வயிற்றோட்டம் 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், அந்நாட்கள் மாத்திரை தவறிய நாட்களாகக் கொள்ளப்படும். சாதாரண அன்டிபயோட்டிக் மருந்துகள் மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பதில்லை. ஆயின் காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், பெனிடோயின் ஆகியனவும், ‘செயின்ட் ஜோன்ஸ் வோர்ட்’ என்னும் மூலிகை மருந்தும் அதனைக் குறைக்கும்.

கோவில் திருவிழா, திருமணம் ஆகியவற்றை முன்னிட்டு மாதவிடாயைத் தள்ளிவைக்க வழங்கப்படும் நோரெதிஸ்டெரோன் மாத்திரை கருத்தடையாகச் செயற்படாது. அதை எடுக்கும் நாட்களில் ஆணுறை தேவை. கூட்டு மாத்திரை எடுத்துவரும் பெண்ணுக்கு வேறு மருந்தே வேண்டியதில்லை. ஒரே நிற மாத்திரைகள் உள்ள அட்டையாயின், இடைவெளியின்றி அடுத்த அட்டையைத் தொடங்கினால் இரத்தப்போக்கு தள்ளிப்போகும்.

இம்மாத்திரை எல்லாப் பெண்களுக்கும் ஏற்றதன்று. 35 வயதும் அதற்கு மேலுமாகப் புகைபிடிப்பவர்கள், உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ குருதிக் கட்டி ஏற்பட்டவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், பார்வையில் ஒளிக்கோடுகளோ மங்கலோ முன்தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் ஊட்டும் தாய்மார் பிரசவத்தின் பின் 6 வாரங்கள் வரை இதனைத் தொடங்கலாகாது. இத்தகையோருக்குப் புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை, லூப், கையில் பதிக்கும் குச்சி எனப் பிற வழிகள் உண்டு; எது பொருந்தும் என்பதை மருத்துவரோ தாதியோ கூறுவர்.

குருதிக் கட்டி பற்றிய அச்சம் பலரிடம் உண்டு. இம்மாத்திரை எடுக்காத, கருவுறாத பெண்கள் 10,000 பேருள் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்கு அது ஏற்படுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரை எடுப்பவர்களுள் 5 முதல் 7 பேருக்கு ஏற்படுகிறது. கருவுற்ற காலத்தில் ஏற்படும் ஆபத்து இதனிலும் அதிகம். எனினும் அறிகுறிகளை அறிந்திருத்தல் வேண்டும். திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், திடீரெனத் தோன்றும் கடும் தலைவலி, ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன தோன்றினால் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவரை அணுகவோ 111 என்ற எண்ணை அழைக்கவோ வேண்டும்.

மாத்திரை மலட்டுத் தன்மையை உண்டாக்கும் என்ற நம்பிக்கை தவறானது. நிறுத்திய பின் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். சூலகப் புற்றுநோய், கருப்பை உட்படலப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பை இது குறைக்கிறது. மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பு, எடுக்கும் காலத்தில் சிறிதளவு கூடி, நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது. பாலியல் தொற்றுகளை மாத்திரை தடுக்காது. அதற்கு ஆணுறையே வேண்டும்.

இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரை தேசிய சுகாதார சேவையில் அனைவருக்கும் இலவசம். வதிவிட நிலை எதுவாயினும் கட்டணமில்லை. குடும்ப மருத்துவரிடமும், உள்ளூராட்சி மன்றங்களின் நிதியில் இயங்கும் பாலியல் நல நிலையங்களிலும், 2023 டிசம்பர் முதல் இச்சேவையில் இணைந்துள்ள மருந்தகங்களிலும் முதன்முறையாகவே இதனைப் பெறலாம். கணவரின் ஒப்புதல் கேட்கப்படமாட்டாது. பேசப்படுபவை இரகசியமாகக் காக்கப்படும். குடும்ப மருத்துவரிடமோ நிலையத்திலோ முன்பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்டால், கட்டணமின்றி ஒழுங்கு செய்யப்படும். மாமியாரோ, கணவரோ, பள்ளி செல்லும் பிள்ளையோ இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

முதல் சந்திப்பில் குருதி அமுக்கமும் உடல் எடையும் அளக்கப்படும். அப்போது நான்கு செய்திகளை மறைக்காமல் கூற வேண்டும்: தலைவலியின் தன்மை, புகைப்பழக்கம், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குருதிக் கட்டி ஏற்பட்டதா என்பது, ஊரிலிருந்து வருவிக்கும் ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட எடுத்துவரும் மருந்துகள் அனைத்தும். இந்நான்கும் தெரிந்தால்தான் ஒரு பெண்ணுக்கு இம்மாத்திரை பாதுகாப்பானதா என்பதை உறுதியாகக் கூற இயலும்.