அறளையும் மூளைக்கு ஓடும் குருதியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வயதுப் பழைய மாணவிகள் சந்தித்தால் பிள்ளைகளின் பரீட்சைக்கு அடுத்ததாகப் பேசுவது அம்மாவின் மறதியைப் பற்றித்தான். "அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோறா", "கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறா" என்போம். ஊரில் இதற்கு 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. அப்படி முடியக்கூடாது. தைரோயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியனவும் மறதியாகத் தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

வைத்தியரிடம் மகள்மார் தனியாக வந்து கேட்கும் கேள்வி வேறு: "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

பரம்பரைக்குப் பங்கு உண்டு. அப்போ-ஈ என்னும் பரம்பரையலகு எங்கள் 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். இதன் நான்காம் வகை அல்சைமர் நோயுடன் தொடர்புடையது என்பதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு பிரதி இருந்தால் ஆபத்துக் கூடும். இரண்டு இருந்தால் மேலும் கூடும். ஆயினும் அந்த வகை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இல்லாத பலருக்கும் வருகிறது. அது தலைவிதி அன்று.

அடுத்தது குருதி. மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமே. ஆனால், நாம் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்க மூளையில் இடமில்லை. கணந்தோறும் குருதி வந்தாக வேண்டும். உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியன நுண்ணிய குழாய்களைக் கெடுக்கின்றன. நான்காம் வகை உள்ளவர்களில், நினைவாற்றல் நன்றாக இருக்கும்போதே, குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கசியத் தொடங்குவதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, பரம்பரை ஆபத்து உள்ளவர்களே குருதிக்குழாய்களை அதிகம் பேண வேண்டியவர்கள்.

பாடசாலைப் பிள்ளைகளான எமக்கு நெருக்கமான ஆய்வொன்றைச் சொல்கிறோம். 1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் கன்னியாஸ்திரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 அருட்சகோதரிகள் அதில் சேர்ந்தனர். பெரும்பாலானோர் ஆசிரியைகள். தாம் இறந்தபின் தமது மூளையை ஆராயவும் சம்மதித்தனர். அல்சைமர் மாற்றங்கள் மூளையில் இருந்த சகோதரிகளுள், சிறிய பாரிசவாதத் தழும்புகளும் இருந்தவர்களே உயிரோடு இருந்தபோது மிக அதிகமாக மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். இது 1997இல் வெளியானது. அதே மாற்றங்கள் நிறைய இருந்தும் 101 வயதுவரை தெளிவாக வாழ்ந்த சகோதரியும் அவர்களுள் இருந்தார்.

பரம்பரையலகை மாற்ற எம்மால் முடியாது. குருதியமுக்கத்தை மாற்ற முடியும். மேல் அளவை 140க்குப் பதிலாக 120க்குக் கீழ் வைக்க முயன்ற குழுவில், ஆரம்பநிலை நினைவுக் குறைபாடு 19 வீதம் குறைந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஆனால், "பிறஷர் இப்ப சரி" என்று குளிசையை நாங்களாக நிறுத்தக்கூடாது. குளிசை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது.

அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் நாங்கள் எங்கள் கையை நீட்டுவதில்லை. சேதம் தொடங்குவது எங்கள் வயதில்தான். எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்: இனிவரும் ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டத்திலும் குருதியமுக்கம் பார்க்க ஒரு மேசை போடுவோம். அங்கத்தவர்களான வைத்தியர்களும் தாதியரும் அதைப் பொறுப்பேற்போம்.

தடுக்கக்கூடிய ஆபத்துகளாக லான்செட் ஆணைக்குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, இளமையில் போதிய கல்வி கிடைக்காமை. நூறு ஆண்டுகளுக்கு முன் பெண்பிள்ளைகளுக்கென்று இந்தப் பாடசாலையைத் திறந்தவர்கள் அந்த ஆபத்தை எங்களுக்கு அப்போதே குறைத்துவிட்டார்கள். மிகுதி எங்கள் பொறுப்பு.