முகிலினூடே ஒளி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குகட்பள்ளியில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறியே உணவளிக்கும் தொழிலாக விளங்குகின்றது. ஆதலின், கணிப்பொறி முகிலையும் புகையையும் எங்ஙனம் வரைகின்றது என்பதைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகுபலி' படத்தின் பேரருவியைக் கண்டு வியவாதார் யார்? அதற்குக் கணிப்பொறியால் உருக்கொடுத்தது இவ்வைதராபாத் நகரத்து மகுட்டா நிறுவனமே. அருவியடியில் எழும் நீர்த்திவலைப் படலமும், முகிலும், புகையும் ஓரினத்தவை. கல்லில் ஒளி பட்டால் மேற்பரப்பிலிருந்து திரும்பிவிடும். முகிலுக்கோ மேற்பரப்பு என்பதே இல்லை. உள்ளே செல்லும் ஒளியில் ஒரு பகுதி உறிஞ்சப்படும். ஒரு பகுதி சிதறி வழிமாறும். வேறு திசையிற் சென்ற ஒளி சிதறி நம் கண்ணை நோக்கித் திரும்புவதும் உண்டு. தீப்பிழம்பாயின் தானே ஒளி உமிழும். இந்நான்கின் வரவு செலவுக் கணக்கே கதிர்வீச்சுக் கடத்தற் சமன்பாடு.

ஒரு முழப் புகை ஒளியிற் பாதியை மறைக்குமாயின், இரு முழப் புகை முழுவதையும் மறைத்துவிடாது. எஞ்சிய பாதியிற் பாதியையே மறைக்கும். கால் பங்கு தப்பும். மூன்று முழத்தில் அரைக்கால் எஞ்சும். இனி, நீர்த்துளி ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சாது சிதறடிக்கின்றது, கரித்துகளோ உறிஞ்சிக்கொள்கின்றது. அதனாலேயே முகில் வெளுத்தும் அடுப்புப் புகை கறுத்தும் தோன்றுகின்றன.

இத்துறையின் வேரைத் தேடினால் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரைக் காண்கின்றோம். 1910இல் இலாகூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவரும், சர் சி. வி. இராமனின் தமையன் மகனுமாகிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களே அவர். அச்சமன்பாட்டை முதன்முதல் எழுதியவர் அவரல்லர். ஆயினும், அதனை முறைப்படுத்தித் தீர்வு கண்டு, 1950இல் 'கதிர்வீச்சுக் கடத்தல்' என்னும் பெருநூலாக்கித் தந்தவர் அவர். விண்மீன்களின் வளிமண்டலத்தை நோக்கி எழுந்த அக்கணிதம், 1984இல் கஜியா, வான் ஹெர்சன் என்னும் இருவர் கணிப்பொறியில் முகில் வரைய முற்பட்டபோது அவர்களுக்கு அடிப்படையாயிற்று.

இன்று கணிப்பொறி என் செய்கின்றது? ஒரு கதிரை முகிலினுள் விடுத்து, அது எங்கே மோதும், எத்திசையிற் திரும்பும் என்பதைப் பகடை உருட்டுவதுபோல் முடிவு செய்கின்றது. 1940களில் அமெரிக்க அணு ஆய்வாளர் நியூட்ரான்களைத் தொடரக் கையாண்ட முறை இதுவே. கதிர்கள் குறைந்தால் படத்தில் மணல் தூவினாற்போற் பிசிறு தோன்றும். அப்பிசிறு பாதியாகக் குறைய வேண்டுமாயின், கதிர்கள் நான்கு மடங்கு வேண்டும். வெண்முகிலில் ஒரு கதிர் பன்முறை மோதித் திரிவதால், ஒரு நொடிக் காட்சிக்கும் நெடுநேரக் கணக்கு வேண்டியதாகின்றது.

இளைஞர்களே, இனிக் கூறுவது உங்களுக்கே. 'லைஃப் ஆஃப் பை' படத்திற்குக் காட்சி அமைத்த ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனத்திற்கு இந்நகரிலும் ஒரு கிளை இருந்தது. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் நொடித்து நீதிமன்றத்தை நாடியது. அதே திங்களில் அதன் பணிக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது! உலகம் போற்றும் திறமையும் வேலையைக் காக்கவில்லை. நிறுவனம் மறையலாம், கருவி பழமையாகலாம். பொத்தானை அழுத்த மட்டும் கற்றவன் கருவியோடு தானும் பழமையாவான். பொத்தானுக்குப் பின்னுள்ள கணக்கை அறிந்தவனோ புதிய கருவியைத் தானே ஆக்குவான். விண்மீனுக்கு எழுதிய கணக்கு திரைப்பட முகிலுக்கு உதவியது இதற்குச் சான்றன்றோ?

சந்திரசேகர் நம்மவர் என்று பெருமை பேசுவதோடு அமையாது, அவர் போற்றிய கணிதத்தை நம் சிறார்க்குத் தமிழில் விளக்கும் ஞாயிறு வகுப்பொன்றை இச்சங்கம் தொடங்குமாறு வேண்டுகின்றேன். பாதி, கால், அரைக்கால் என்று நம் பாட்டியர் அறிந்த கணக்கிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.