அந்நியர் யார்? காணி யாருக்கு?

(உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



அந்நிய நாட்டுப் பிரசைகள் இலங்கையிற் காணி வாங்குவதற்குள்ள தடையைத் தளர்த்தவேண்டும் என்னும் யோசனை மீட்டும் மீட்டும் எழுகின்றது. அதனை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று நம்மிற் பலர் கேட்கின்றனர். அதற்கு விடை கூறுமுன் வேறொரு வினாவுக்கு விடை காணவேண்டும். சட்டம் யாரை அந்நியர் என்கின்றது?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டிலே பிறந்து தேயிலைக்கு உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கியது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரசையல்லாதாருக்குக் கைமாறும் காணிக்கு நூற்றுக்கு நூறு வீத வரி விதித்தது. அன்று "பிரசையல்லாதார்" என்னும் சொல்லுக்குள் இலண்டன் முதலாளியும் இருந்தார். ஹற்றன் தோட்டத்து லயத்திற் பிறந்த தொழிலாளியும் இருந்தார். இருவரையும் ஒரே சொல்லால் அழைத்ததே அநீதி.

அவ்வரி 2002இல் நிறுத்தப்பட்டு, 2004இல் மீட்டும் கொண்டுவரப்பட்டது. பின்னர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம், வரிக்குப் பதிலாகத் தடையையே வைத்தது. அந்நியப் பிரசைக்கும் அந்நியக் கம்பனிக்கும் காணியின் உடைமை கைமாறலாகாது. பங்குகளிற் பாதியோ அதற்கு மேலோ அந்நியர் வசமுள்ள உள்நாட்டுக் கம்பனிக்கும் கைமாறலாகாது. நெருங்கிய உறவினர் மரபுரிமையாகப் பெறலாம். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர் வாங்கலாம். ஏனைய அந்நியர் 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம்.

இச்சட்டம் நம்மை எங்கே தாக்குகின்றது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தந்தை விட்டுச் சென்ற பத்துப் பரப்புத் தோட்டக் காணியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சம பங்கு. அண்ணன் கனடாப் பிரசை. தங்கை மகளின் கலியாணத்துக்காகத் தன் பங்கை விற்க முனைகின்றாள். கூட்டுடைமையாளனுக்கே முதலில் விற்கவேண்டும் என்பது நமது தேசவழமை. 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டமும் அதனை ஏற்றது. ஆயினும் இரட்டைப் பிரசாவுரிமை இல்லாத அண்ணன் பெயரில் உறுதி முடிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடாது. அண்ணனின் உரிமை ஏட்டிலே கிடக்க, காணி பிறர் கைக்குப் போகின்றது. அதே சட்டம் பங்குச் சந்தையிற் பதிவுபெற்ற கம்பனிகளுக்காக 2018இல் தளர்த்தப்பட்டது. கம்பனிக்குக் காட்டிய இரக்கம் கூடப்பிறந்தவனுக்கு இல்லை!

நிற்க. அவ்வாறாயின் தடையை முற்றாக நீக்கிவிடலாமே என்பர் சிலர். அதனை நாம் ஏற்கமாட்டோம். முதலிடுவோனுக்கு வேண்டுவது நிலையான அனுபவம். அதனை 99 ஆண்டுக் குத்தகை தருகின்றது. உடைமையும் வேண்டுமென்பது விலையேற்றத்தில் இலாபம் தேடுவதற்கே. பவுணும் டொலரும் போட்டிக்கு வந்தால், வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு வாழ்பவன் அடுத்த வளவை எவ்விதம் வாங்குவான்? விலை ஏறினால் விற்பவனுக்கு ஒருநாள் இலாபம். உழுபவனுக்கோ என்றென்றும் நட்டம். கிணற்று நீரையே நம்பிய குடாநாட்டில் காணியை இழந்தவன் தண்ணீரையும் இழக்கின்றான்.

ஆதலின் நமது கோரிக்கை இது. தடை நிற்கட்டும், ஆனால் அந்நியர் என்னும் சொல்லின் பொருள் திருந்தட்டும். இந்நாட்டிற் பிறந்தவரும், தாயோ தந்தையோ இந்நாட்டிற் பிறந்தவரும், எந்நாட்டுப் பிரசையாயினும் இங்கு காணி வாங்க உரித்துடையவராதல் வேண்டும். இச்சலுகை தனியாட்களுக்கேயன்றிக் கம்பனிகளுக்கு ஆகாது. வயலுக்கும் தோட்டத்துக்கும் உச்ச அளவு விதிக்கவேண்டும். வயலைக் குத்தகைக்கு உழுபவனுக்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தந்த பாதுகாப்புக் குறையலாகாது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் யாவர்க்கும் இது பொதுவாதல் வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலைநாட்டு மக்களையும் அவர்தம் பிள்ளைகளையும் இதிலிருந்து விலக்கலாகாது. அவர்களை மறந்து நமக்கு மட்டும் நீதி கேட்போமாயின், 1948இல் இழைக்கப்பட்ட தவறுக்கு நாமும் உடந்தையாவோம்.

சட்டம் திருந்தும்வரை வாளாவிருத்தலும் தகாது. கடல்கடந்த உறவினர்க்கு எழுதுங்கள். முன்னரே அவர் பெயரில் உறுதி முடிந்த காணி இச்சட்டத்தாற் பறிபோவதில்லை என்று கூறுங்கள். இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பணத்தை அனுப்பி வேறொருவர் பெயரில் உறுதி முடிக்க வேண்டாமென்று தடுத்துச் சொல்லுங்கள். இன்றைய நம்பிக்கை நாளைய வழக்காகும். வழக்கறிஞர்களாகிய நாம் இதனைக் கூறுவது நம் வருவாய்க்குக் கேடு. ஆயினும் காணி நிலைப்பதே நமக்குப் பெரிது.