பாலகரின் இரத்தமும் இரும்புச் சத்தும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நான் வைத்தியனல்லன், சர்வகலாசாலையில் பயிலும் ஒரு மாணவன். எனது தமக்கையின் மகனுக்கு இரத்தம் சோதித்த கதையைச் சொன்னாலே விஷயம் விளங்கும் என எண்ணுகிறேன்.

பிள்ளைக்கு அப்பொழுது ஒன்றேகால் வயது. போத்தல் போத்தலாகப் பசுப்பால் குடிப்பான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். முற்றத்து மண்ணை அள்ளித் தின்பான். "பூச்சி" என்றார் அம்மம்மா. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. மண் தின்பது நிற்கவில்லை. இரத்தம் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், "வெளுத்துப்போன பிள்ளையிட்டை இருக்கிற இரத்தத்தையும் எடுக்கப் போறாங்களோ?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தையின் உடலில் ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் இரத்தம் ஓடுகிறது. சோதனைக்கு எடுப்பது இரண்டு மூன்று மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது. இந்தக் கணக்கைச் சொன்ன பின்பே கதவு திறந்தது.

அந்தச் சிறிதளவில் முதலாவதாகப் பார்ப்பது ஈமோகுளோபின். உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் வெளியிட்ட அளவின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயது நிறையும்வரை லீற்றருக்கு 105 கிராமுக்கும், அதன்பின் ஐந்து வயது நிறையும்வரை 110 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை. ஆனால் உடலில் இரும்பு குறையும்போது ஈமோகுளோபின் கடைசியாகத்தான் விழும். சாக்கு நெல் தீர்ந்த பின்னரல்லவா பானையிற் சோறு குறைகிறது! சாக்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது பெரிற்றின் என்னும் சோதனை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அது லீற்றருக்கு 12 மைக்கிரோகிராமுக்குக் கீழே போனால் கையிருப்புத் தீர்ந்தது என்று பொருள்.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் பெரிற்றின் உயர்ந்து, உள்ள குறையை மறைத்துவிடும். எமது பிள்ளைக்கு முதற் சோதனையன்று தடிமனும் காய்ச்சலும். ஈமோகுளோபின் 108, பெரிற்றின் 34. வீட்டார் மகிழ்ந்தனர், வைத்தியர் மகிழவில்லை. மூன்று வாரஞ் சென்று, சுகமாயிருந்த நாளில் மறுபடி எடுத்தபோது பெரிற்றின் 9. ஈமோகுளோபினை மட்டும் பார்த்திருந்தால் அவனைச் சுகதேகி என்றே அனுப்பியிருப்பார்கள்.

"சோதனை எதற்கு? இரும்புப் பாணியை வாங்கிக் கொடுத்தாற் போயிற்று" என்பாரும் உளர். எமது நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாடு உண்டு. அதுவும் இரும்புக் குறைவைப் போலவே செங்குருதிக் கலங்களைச் சிறிதாக்கும். அதற்கு இரும்பு மருந்தாகாது. மலேரியா மிகுந்த பெம்பாத் தீவிலே இரத்தம் பாராமல் பாலகருக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களிடையே கடும் நோயும் மரணமும் கூடியிருந்தன. இரும்பு குறைந்து சோகையுற்றிருந்த பிள்ளைகளுக்கோ அதே மருந்து நன்மை செய்திருந்தது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றதால் அந்த ஆபத்து இங்கில்லை. ஆயினும் யாருக்குத் தேவை என்பதை இரத்தமே சொல்லவேண்டும்.

தாமதிப்பதும் தகாது. கொஸ்தரிக்காவில் கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைவுற்ற பிள்ளைகளை ஐந்து வயதில் மறுபடி சோதித்தனர். இரத்தம் தேறியிருந்தும் அவர்கள் அறிவுத் தேர்வுகளிற் பின்தங்கியே நின்றனர் என 1991இல் அறிவித்தார்கள்.

சைவ வீடுகளைப்பற்றி ஒரு சொல். மரக்கறி உணவின்மேல் நான் பழி போடவில்லை. ஆனால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு இலகுவில் உடலிற் சேராது. தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ கூடவிருந்தால் சேரும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். பிள்ளையின் போத்தலில் பால்தேத்தண்ணி வார்ப்பதை எம்மவர் எப்போது நிறுத்துவார்களோ தெரியாது!

எங்கள் பிள்ளைக்கு மூன்று மாதம் பாணி கொடுத்தோம். மலம் கறுத்ததைக் கண்டு அம்மம்மா பதறினார். அது மருந்தின் இயல்பென்று தாதி விளக்கினார். போத்தலை எட்டாத உயரத்தில் வைக்கவும் சொன்னார், பிள்ளை அதைக் குடித்துவிட்டால் நஞ்சாகுமாம். கடைசியாகப் பார்த்தபோது பெரிற்றின் 31. அந்த முறை பிள்ளையை மடியில் வைத்துக் கையைப் பிடித்திருந்தவர் அம்மம்மாதான். மண் தின்பதை அவன் விட்டுவிட்டான். பால் போத்தலை இன்னும் விடவில்லை.