படம் பிடிக்கும் முன் கேளுங்கள்

(நம் குடியிருப்பின் கோடை முகாம் தொடக்கத்தில் பேசியது)

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்கக் கற்றுத்தரலாம் என்றதும், "அவங்கதானே சார் நமக்குச் சொல்லித் தர்றாங்க" என்றார் ஒருவர். பட்டனைத் தட்டத் தெரியும், சரி. யாரை, எதற்கு எடுக்கிறோம் என்பது?

1984-இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்களுக்கு மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் வீடியோ பயிற்சி தந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தங்களைப் போன்ற உழைப்பாளிகளைத் தாங்களே படம் பிடித்தார்கள். அதுதான் 'வீடியோ சேவா'.

நம் பிள்ளைகள் போகப்போவது மரக்காணம் உப்பளத்துக்கு. வெள்ளை உப்பின் வெளிச்சத்தில் கேமரா ஏமாந்து, ஆள் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கடற்காற்று பேச்சை விழுங்கும். பேசுபவரின் முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும். போனை ஓரடிக்குள் பிடியுங்கள். இதெல்லாம் ஒரே நாளில் வந்துவிடும்.

உப்பு வாரும் அக்காவைக் கேட்காமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் பழக்கம்தான் லேசில் போகாது. வங்கியில் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் நகராது, தெரியுமல்லவா? முதலில் சம்மதம் கேளுங்கள். முடித்த படத்தை அவருக்கே முதலில் காட்டுங்கள். வேண்டாம் என்ற இடத்தை வெட்டிவிடுங்கள், அது எவ்வளவு அழகான ஷாட்டாக இருந்தாலும்.

ஐப்பசி மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்போதும் ஒருமுறை போவோம். அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்போன் இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். சார்ஜரோடு.