எழுதியவர் போனபின் அவர் கொப்பிகள்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டிக் காங்கேசன்துறையில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். மத்தியானம் பாயசம் இருப்பதால் அந்த விஷயத்தை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது நாலு சி.ஆர். கொப்பிகளைப் பற்றி.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் ஒருவரை இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு நினைவிருக்கும். நூல் வரும்வரை பெயர் வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டிருக்கிறார். ஆகவே ரீச்சர் என்றே சொல்கிறேன். பரிசளிப்பு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதித் தருவார் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். கவிதை எழுதினார் என்பது தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன்னர் ரீச்சர் காலமானார். அந்தியேட்டி முடிந்த கையோடு மகள் ஒரு சொப்பிங் பையுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. அவள் டொக்டர், எந்தக் கிறுக்கலையும் வாசிப்பாள் எண்டவ" என்றார். ரீச்சரின் எழுத்து முத்து முத்தானது. அந்தப் பகிடி என் எழுத்தைப் பற்றியது.

1990 ஆனியில் இந்த ஊரை விட்டு வெளிக்கிட்டபோது ரங்குப்பெட்டியில் இருந்த கொப்பிகள் அவை. 1995 ஐப்பசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில், யூரியாப் பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் அரிசிக்கு அடியில் போயின. அன்றைய மழையில் மூன்றாவது கொப்பியின் கீழ்ப்பாதி நனைந்து நீல மை ஊறிவிட்டது. இன்றும் அந்தப் பக்கங்களைத் திறந்தால் மேலே கவிதை, கீழே மேகம்.

கையில் வாங்கியபின்தான் பயம் பிடித்தது. ஒருவர் உயிரோடிருக்கும்போது அவருடைய நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கப் பழகிய எனக்கு, அவர் போனபின் அவருடைய கொப்பியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே, மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

முதலில் பக்கத்து ஊருக்கே போனேன். அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி 1971இல், நாற்பத்து நாலு வயதில் மறைந்தார். 'வள்ளி', 'குறும்பா' முதலியவை அவர் இருந்தபோதே நூலானவை. ஆனால் 'வீடும் வெளியும்' வந்தது 1973இல். 'ஆறு காவியங்கள்' ஒன்றாக வந்தது 2000இல். அவர் போய் ஏறக்குறைய முப்பது வருடங்கள்! அந்த இடைவெளியில் கலவரங்களும் யுத்தமும் இடப்பெயர்வுகளும் நடந்தன. தாள்கள் எங்கோ ஒரு வீட்டில் காக்கப்பட்டன. கல்முனையைச் சேர்ந்த நண்பர் எம். ஏ. நுஃமான் சலிக்காமல் அவற்றைப் பதிப்பித்தார். ஒரு வீட்டாரும் ஒரு நண்பரும் இருந்தால் போதும் என்று அப்போது எனக்குத் தைரியம் வந்தது. பாரதியாருக்கும் முதலில் இருந்தது வீடுதான். அவர் 1921இல் காலமானார். அடுத்த வருடமே செல்லம்மா பாரதி, கையில் காசில்லாத நிலையிலும், 'சுதேச கீதங்கள்' அச்சிடுவித்தார்.

வீட்டார் காப்பாற்றுவார்கள் என்பது பாதிக் கதை. அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்தபின், தங்கை லவீனியா, அக்கா சொன்னபடியே அவருக்கு வந்த கடிதங்களை எரித்தார். பிறகு அலுமாரியில் கவிதைக் கட்டுகளைக் கண்டார். எல்லாமாக ஆயிரத்து எண்ணூறுக்குக் கிட்ட. அவற்றை எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் 1890இல் முதல் நூலைக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் எமிலியின் கோடுகளை எடுத்துவிட்டுக் கமா போட்டார்கள், எதுகை சரியில்லை என்று சொல்லை மாற்றினார்கள், தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பும் வைத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. ஊர் ஏற்கவேண்டுமே என்ற கவலை. கவிஞர் எழுதியபடியே முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று. நானும் முதல் வாரத்திலேயே ரீச்சரின் ஒரு வரியில் 'ள'வை 'ழ' ஆக்கித் திருத்தப் போனவள்தான். மகள் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மா பிழை விடமாட்டா, டொக்டர்" என்றார். அகராதியைப் பார்த்தோம். ரீச்சர் பிழை விடவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

உயர்தரம் படித்த காலத்தில் ஒரு தோழி எனக்கு 'சிவரமணி கவிதைகள்' என்ற சிறிய நூலைத் தந்தாள். சிவரமணி 1968இல் பிறந்தவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பின் பத்துக் கவிஞர்களில் ஒருவர். 1991 வைகாசி 19ஆம் திகதி தமது இருபத்திரண்டாவது வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்னர் கைக்கெட்டிய தம் கவிதைகளை எல்லாம் எரித்தார். எஞ்சியிருப்பவற்றையும் அழித்துவிடும்படி எழுதி வைத்தார்.

நண்பர்கள் அழிக்கவில்லை. அவர்களிடம் இருந்தவையும் சஞ்சிகைகளில் வந்தவையுமாக இருபது சொச்சம் கவிதைகளை 1993இல் பெண்கள் ஆய்வு வட்டம் நூலாக்கியது. தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. செய்தது சரியா?

அந்த நாளில் எனக்கு இதில் கேள்வியே இருக்கவில்லை. சரிதான், வேறென்ன! வைத்தியத் தொழிலுக்கு வந்தபின்தான் அது உறுத்தத் தொடங்கியது. நோயாளியின் விருப்பத்துக்கு மாறாக ஒரு ஊசிகூடப் போடக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். இங்கே ஒரு பெண் தெளிவாக எழுதிவைத்த விருப்பம் மீறப்பட்டிருக்கிறது. தாம் நிதானமாக எடுத்த முடிவு என்றும் அவர் எழுதியிருந்தார். நான் அவரைப் பார்த்தவள் அல்ல. அவருக்கு நோய்ப்பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆழ்ந்த துயரத்தில் இருக்கும் பலர் மிகவும் நிதானமாகப் பேசுவதை வார்ட்டில் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் ஒரு மாதம் கழித்துத் தேநீர் கேட்டுக்கொண்டு கட்டிலில் எழும்பி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனிசியின் கடைசி நாள், அதற்கு முந்தின எல்லா நாட்களையும் ஆளலாமா? (இளம் பிள்ளைகள் இருக்கிறபடியால் சொல்லிவிட்டுப் போகிறேன்: 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். கூப்பிடுவதில் வெட்கமில்லை.)

அவர்கள் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் வேறு. அந்தக் கவிதைகளைத் தோழிகளிடம் கொடுத்தவர் சிவரமணியேதான். சில ஏற்கெனவே அச்சேறியவை. கொடுத்தபின் அவை கொடுத்தவருக்கு மட்டும் சொந்தமில்லை. தம் கையில் இருந்தவற்றை அவர் எரித்தது அவருடைய உரிமை. மற்றவர்களின் கைகளில் இருந்தவற்றில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதை ஏற்காதவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். உங்களோடு வாதாட எனக்கு முழுப் பலமில்லை.

எனக்கு வருத்தம் வேறொன்றில். அவர் போனபின் அவருடைய ஒவ்வொரு வரியையும் மரண அறிவித்தல் போல வாசிக்கிறோம். பதினெட்டு வயதில் எழுதியதும் எங்களுக்குக் கடைசிக் கடிதமாகத் தெரிகிறது. யுத்தத்தைப் பற்றியும் பெண்ணுக்குப் போடப்பட்ட வேலிகளைப் பற்றியும் கோபத்தோடு, சிந்தித்து எழுதிய ஒருவரை, அவருடைய சாவுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம். கவிதைக்குக் கீழே ஆண்டு எழுதுவது பதிப்பாசிரியருக்குச் சின்ன வேலைதான். எழுதும்போது அவர் உயிரோடிருந்தார் என்பதை வாசகருக்கு அது நினைவூட்டும்.

ரீச்சரின் கதைக்கு வருகிறேன். அவர் எண்பது வயது கடந்து படுக்கையில் நிம்மதியாகப் போனவர். ஆனாலும் அவருடைய இரண்டாவது கொப்பியில் ஒரு நீளக் கவிதைக்குக் குறுக்கே சிவப்புப் பேனையால் கோடு கீறி, மேலே 'இது வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். மாணவிகளின் கட்டுரைக் கொப்பியில் எழுதுவாரே, அதே சிவப்பு. கொப்பிகளில் உள்ளவற்றில் மிக நல்ல கவிதை அது என்பது என் எண்ணம். எதைப் பற்றியது என்று சொல்லமாட்டேன். அதில் வரும் குடும்பம் இன்னும் இருக்கிறது.

மகளும் நானும் இதற்காக ஆறு மாதம் முரண்பட்டோம். போடவேண்டும் என்றவள் நான். கடைசியில் ஒத்துக்கொண்டது இது: நூலில் அந்தக் கவிதை வராது. முன்னுரையில், ஒரு கவிதையை ரீச்சர் நீக்கியிருந்தார், நாங்களும் சேர்க்கவில்லை என்று ஒரு வசனம் வரும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்கமாட்டோம். சிவரமணி அழிக்கும்படி கேட்டார். ரீச்சர் அப்படிக் கேட்கவில்லை. 'வேண்டாம்' என்றுதான் சொன்னார். தீப்பெட்டி ரீச்சரின் குசினியில் எப்போதும் இருந்தது. இரண்டு இடப்பெயர்விலும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தானே காவிக்கொண்டு போனார்?

வீட்டில் இப்படிக் கொப்பி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சில. கடற்காற்று உள்ள ஊரில் முதல் எதிரி உப்பும் ஈரமும்; அடுத்தது கறையான். ஈரக் கொப்பியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போடாமல் நிழலில் காற்றுப்பட உலர்த்துங்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அது மஞ்சளாகி எழுத்தையும் கொண்டுபோகும். லமினேற் செய்யவே வேண்டாம். துருப்பிடித்த கம்பிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். எதையும் தொடமுன்னர் ஒவ்வொரு பக்கத்தையும், வெறும் பக்கங்கள் உட்பட, படம் எடுங்கள். ரீச்சரின் முதல் கொப்பிக்குள் ஒரு பஸ் ரிக்கற் இருந்தது. குப்பை என்று எறியப்போனோம். அதன் பின்பக்கத்தில் நாலு வரி இருந்தது!

கணினியில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். பாமினி எழுத்தில் தட்டியதை யூனிகோட்டுக்கு மாற்றியபோது எங்களுக்குக் கொம்புகளும் கால்களும் இடம்மாறிவிட்டன. ஒரு கவிதையில் சொல்லொன்று வேறு சொல்லாகி, பொருளும் வந்து, ஒரு மாதம் யாருக்கும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் கொப்பியைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் பார்த்துச் சரிபார்க்கிறோம். படங்களின் ஒரு பிரதியை நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போன ஊர் இது. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைக்க எனக்குப் பயம்.

கடைசியாக ஒரு உதவி கேட்கவேண்டும். மூன்றாவது கொப்பியில் மை ஊறிய பக்கங்களில் பதினொரு கவிதைகளின் கீழ்ப்பாதி இல்லை. அவற்றில் இரண்டை, 1990க்கு முன்னர் பாடசாலையை விட்டுப் போன அக்காமாரின் ஓட்டோகிராஃப் புத்தகங்களில் ரீச்சர் எழுதிக் கொடுத்திருப்பதாக மகளுக்கு ஞாபகம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நீல மை, சரிவான எழுத்து, கீழே கையொப்பத்துக்குப் பதில் ஒரு சின்ன மல்லிகைப்பூ. படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் போதும். முழுக் கவிதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்களுக்கு வேண்டியது கீழ்ப்பாதி.